பால் ராப்ஸன்: ஒரு பாட்டில் அடங்காத வாழ்வு

பெரியோர்களை மறப்பதற்கு உலகம் கையாளும் வழிகள் இரண்டு. ஒன்று, அவர்களுடைய பெயரையே எடுக்காமலிருப்பது. மற்றொன்று, அவர்களுடைய வாழ்நாள் உழைப்பில் ஒரு சிறு துணுக்கை மாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் போற்றுவதாகச் சொல்லி, எஞ்சியதையெல்லாம் கைவிட்டு விடுவது. இவ்விரண்டில் பின்னதே அதிக அபாயமானது என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், மறந்துவிட்டோம் என்ற உணர்ச்சிகூட அதில் நமக்கு உண்டாவதில்லை.

அமெரிக்க நாட்டின் கறுப்பினப் பாடகர் பால் ராப்ஸன் இவ்விருவித மறதிக்கும் ஆளானவர். அவருடைய பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவில் எழுவது மிஸிஸிப்பி நதியைப் பற்றிய ஒரே ஒரு பாட்டு. அதற்கு மேல் அறிந்தவர்கள் மற்றும் இரண்டொரு பாட்டுக்களைக் கூறக்கூடும். அந்த நதிப் பாட்டோ நாடகக் கொட்டகைக்காக எழுதப்பட்டது. அதற்கு மெட்டமைத்த ஜெரோம் கெர்னும், அதை இயற்றிய ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனும் வெள்ளையர்கள். முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாக, இருபதுக்கும் அதிகமான பாஷைகளில், பல தேசத்து உழைப்பாளி ஜனங்களின் பாட்டுக்களைத் தம் குரலில் ஏந்தி உலகெங்கும் கொண்டுசென்ற ஒருவருக்கு, கொட்டகைப் பாட்டு ஒன்றே ஞாபகச் சின்னமாக நின்றுவிட்டது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. அதன் வரலாற்றை நமது ஊழியர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ராப்ஸன் 1898-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ந் தேதி நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்ஸன் பிறவியிலேயே அடிமை. வட கரோலினாவில் ஒரு தோட்டத்தில் அடிமையாயிருந்த அவர், 1860-ம் வருஷத்தில், பதினைந்தாவது வயதில், அங்கிருந்து தப்பி வடக்கே ஓடினார். பின்னர் கல்வி பயின்று பட்டம் பெற்றுப் பாதிரியாரானார். பிரின்ஸ்டனில் இருபது வருஷங்கள் சபையை நடத்திய பிறகு அப்பதவியை அவர் இழக்க நேர்ந்தது. அப்பொழுது குதிரை வண்டி ஓட்டியும், வீடுகளின் அடுப்புச் சாம்பலை வாரிச் சுமந்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். தாயார் மரியா லூயிஸா 1904-ம் வருஷத்தில் அடுப்புத் தீப்பற்றிக் காலமானார். ஐந்து குழந்தைகளில் கடைசியான பாலுக்கு அப்பொழுது ஆறு வயதுகூட நிறையவில்லை. அடிமைத்தனம் அவருக்கு ஏட்டில் படித்த சரித்திரமன்று. அது ஒரே வீட்டில் உடன் உண்டு உடன் உறங்கிய தந்தையின் வாழ்க்கை. சபையில் தந்தை நடத்திய பிரார்த்தனைகளில் கேட்ட பாட்டுக்களே அவருக்கு முதல் ஸங்கீதப் பயிற்சி.

1915-ம் வருஷத்தில் உபகாரச் சம்பளம் பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அதன் நீண்ட சரித்திரத்தில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். கால்பந்து விளையாட்டில் சேர முயன்ற முதல் நாளிலேயே வெள்ளை மாணவர்கள் அவருடைய மூக்கை உடைத்தார்கள். பூட்ஸ் காலால் கையை மிதித்தார்கள். ராப்ஸன் விலகவில்லை. 1917, 1918 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அகில அமெரிக்க அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919-ல் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களின் சார்பாகப் பேசும் தலைமை ஸ்தானமும் அவருக்கே கிடைத்தது. பிறகு கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் படித்து 1923-ல் தேறினார். ஒரு வக்கீல் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். கறுப்பர் சொல்ல எழுதிக்கொள்ள மாட்டேன் என்று அங்கிருந்த வெள்ளைக்காரச் சுருக்கெழுத்துப் பெண்மணி மறுத்தாள். ராப்ஸன் அத்துடன் அத்தொழிலைத் துறந்தார். நீதி ஸ்தலம் ஒரு வக்கீலை இழந்தது. மேடை ஒரு மகா கலைஞரைப் பெற்றது.

யூஜீன் ஓநீல் எழுதிய நாடகங்களில் 1924-ல் நடித்து அவர் பெயர் பெற்றார். ஆயினும், அவருடைய உண்மையான பணி 1925-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி, நியூயார்க் நகரில் கிரீனிச் வில்லேஜ் நாடக சாலையில் தொடங்கியதென்றே நாம் கொள்ளவேண்டும். லாரன்ஸ் பிரவுன் என்னும் வித்துவான் பியானோ வாசிக்க, அன்றையக் கச்சேரி முழுவதையும் கறுப்பின மக்களின் பாட்டுக்களாலேயே ராப்ஸன் நிரப்பினார். அடிமைகள் தோட்டங்களில் வேலை செய்யும்போதும் இரவில் கூடித் தொழும்போதும் பாடிய பாட்டுக்கள் அவை. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரேலியரின் விடுதலையைப் பாடும் பாவனையில் தங்கள் விடுதலை வேட்கையை அவர்கள் அப்பாட்டுக்களில் பொதிந்து வைத்திருந்தார்கள். ஃபிஸ்க் கல்லூரிப் பாடகர் குழுவினர் 1871 முதலே இவற்றை ஊர் ஊராகப் பாடியிருக்கின்றனர். எனினும், தனியொரு பாடகர் வேறெதுவும் கலவாமல் ஒரு கச்சேரி முழுவதும் இவற்றையே பாடத் துணிந்தது அதுவே முதல் தடவை. ஐரோப்பிய ஸங்கீதமே உயர்ந்தது என்று நம்பிய கூட்டம், அடிமைகளின் பாட்டுக்கு எழுந்து நின்று கரகோஷம் செய்தது. அன்று முதல் முப்பது வருஷங்களுக்கு மேலாக லாரன்ஸ் பிரவுன் அவருக்குத் துணையாக நின்றார்.

நாம் முதலில் குறிப்பிட்ட நதிப் பாட்டு, ஷோ போட் என்னும் இசை நாடகத்தில் வருவது. 1928-ல் லண்டன் ட்ரூரி லேன் நாடக சாலையிலும், 1936-ல் பேசும் படத்திலும் ராப்ஸன் அதைப் பாடினார். மூட்டை தூக்கும் கறுப்புக் கூலி ஒருவன், தன் துயரத்தை அறியாமல் ஓடும் நதியைப் பார்த்துப் பெருமூச்செறியும் பாட்டு அது. ஜனங்கள் அதில் மயங்கினர். எதிர்ப்பவனைக் காட்டிலும் துயரத்தில் அடங்கிக் கிடப்பவனைக் கண்டு இரங்குவது ஆளும் இனத்தாருக்குச் சுலபமல்லவா? பின்னர் ராப்ஸன் என்ன செய்தார் என்பது கவனிக்கத் தக்கது. 1930-களின் பிற்பகுதி முதல் அப்பாட்டின் சொற்களைக் கச்சேரிகளில் மாற்றிப் பாடினார். சலித்து அடங்கியவன் கூற்றாயிருந்தது, போராடி நிற்பவன் கூற்றாயிற்று. இயற்றியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும், பாடும் குரல் தம்முடையதாகையால், அடங்கிப் போதலை இனிமேல் பாடுவதில்லை என்று அவர் உறுதிகொண்டார்.

இந்த மாறுதல் லண்டன் வாசத்தில் விளைந்தது. 1927 முதல் 1939 வரை பெரும்பாலும் அவர் அந்நகரில் வசித்தார். அங்குள்ள கீழைத்தேசக் கல்விச் சாலையில் ஆப்பிரிக்க பாஷைகளைப் பயின்றார். தம் முன்னோரின் கண்டத்திற்குப் பழம்பெருமை ஏதுமில்லையென்று பள்ளியில் கற்பித்தது பொய்யென்பதை அங்கே உணர்ந்தார். பல தேசத்து நாடோடிப் பாட்டுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆப்பிரிக்கர், சீனர், ஸ்காட்லாந்து மலைவாசிகள் முதலிய பலரின் பாட்டுக்களிலும், நமது மோகன ராகத்தைப் போல், ஐந்து ஸ்வரங்களாலான அமைப்பே அடிப்படையாக இருப்பதைக் கண்டார். மேலே பார்த்தால் ஜாதியும் நிறமும் பாஷையும் வேறு. அடியில் ஜனங்களின் பாட்டு ஒன்றே என்னும் முடிவுக்கு வந்தார். பெரிய ஸங்கீத நாடகங்களின் பக்கம் திரும்பாமல், ஜனங்களின் பாட்டையே தம் வித்தையாகக் கொண்டதற்கு இதுவே காரணம்.

ஆராய்ச்சியோடு அவர் நிற்கவில்லை. 1929-ல் லண்டன் வீதியில், வேலையிழந்து பசியோடு ஊர்வலம் வந்த வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பாடிக்கொண்டு செல்வதைக் கேட்டு, அவர்களுடன் தாமும் நடந்தார். அந்த நட்பு கடைசிவரை அறுபடவில்லை. 1937 ஜூன் மாதம், ஸ்பெயின் தேசத்து அகதிக் குழந்தைகளுக்காக லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், கலைஞன் நடுநிலை வகிக்க இடமில்லை, சுதந்திரமா அடிமைத்தனமா என்பதை அவன் தேர்ந்தே தீரவேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். 1938 ஜனவரியில் ஸ்பெயினுக்கே சென்று, குண்டுகள் விழும் போர்க்களத்தருகே குடியரசுப் படையினருக்குப் பாடினார்.

நமது தேசத்தின் விடுதலை இயக்கமும் அவருக்கு அந்நியமாயிருக்கவில்லை. 1938 ஜூன் மாதத்தில் பண்டித நேரு லண்டன் வந்தபோது, இந்தியா லீக் சார்பில் கிங்ஸ்வே மண்டபத்தில் நடந்த வரவேற்புக் கூட்டத்தில் ராப்ஸன் கலந்துகொண்டு பேசினார். இரு குடும்பங்களுக்கும் நட்பு வளர்ந்தது. யுத்த காலத்தில் ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட்டின் புதல்விகள் படிப்பதற்காக அமெரிக்கா சென்றபோது, ராப்ஸன் தம்பதிகள் அவர்களை ஆதரித்தனர்.

அவர் தவறே செய்யாதவர் என்று நாம் கூற வரவில்லை. 1935-ல் வெளியான ஸாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர் என்னும் படத்தில் அவர் ஆப்பிரிக்கத் தலைவன் வேஷம் பூண்டார். ஆப்பிரிக்கரின் பெருமையைக் காட்டும் படமென்று நம்பியே அதில் சேர்ந்தார். வெளிவந்தபோது அது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் துதியாக இருந்தது. ராப்ஸன் அப்படத்தைப் பகிரங்கமாகவே நிராகரித்தார். 1942-க்குப் பிறகு, கறுப்பரைக் கோமாளிகளாகக் காட்டும் ஹாலிவுட்டில் நடிப்பதையே விட்டொழித்தார்.

1939-ல் தாய்நாடு திரும்பினார். அவ்வருஷம் நவம்பர் மாதம் ரேடியோவில் அவர் பாடிய அமெரிக்க ஜனங்களின் கதைப்பாட்டு தேசமெங்கும் பரவியது. 1941-ல் சீன மக்களின் போர்ப் பாட்டுக்களைச் சீன பாஷையிலேயே பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். பிற்காலத்தில் சீன தேசத்தின் தேசிய கீதமான பாட்டும் அவற்றுள் ஒன்று. 1943-ல் நியூயார்க்கில் அவர் நடித்த ஒதெல்லோ நாடகம் 296 தடவை நடைபெற்றது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதுவரை அந்நகரில் அத்தனை நாள் ஓடியதில்லை. இவ்வளவு கீர்த்தியின் உச்சியிலிருந்தபோதுதான், ஆப்பிரிக்க விவகாரக் கவுன்ஸிலின் தலைவராக இருந்துகொண்டு, குடியேற்ற நாடுகளின் விடுதலைக்கு இடைவிடாமல் உழைத்தார். விசாரணையின்றிக் கறுப்பரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் செய்யவேண்டுமென்று 1946 செப்டம்பரில் ஒரு தூதுக் கோஷ்டியுடன் ஜனாதிபதி ட்ரூமனை நேரில் கண்டு கேட்டார். காலம் கனியவில்லையென்று ஜனாதிபதி கையை விரித்தார்.

1949 ஏப்ரலில் பாரிஸ் நகரில் கூடிய சமாதான மகாநாட்டில் ராப்ஸன் பேசினார். அவர் பேசியதற்கு மாறான வாசகம் அமெரிக்கப் பத்திரிகைகளில் பரவியது. உடனே அவர் ராஜத் துரோகி எனத் தூற்றப்பட்டார். அவ்வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி பீக்ஸ்கில் என்னுமிடத்தில் நடக்கவிருந்த கச்சேரியைக் கலகக் கும்பல் ஒன்று தாக்கித் தடுத்தது. செப்டம்பர் 4-ந் தேதி, தொழிற்சங்கத்தினர் தோளோடு தோள் சேர்த்துக் காவல் நிற்க, சுமார் இருபதினாயிரம் பேர் முன்னிலையில் அவர் பாடியே தீர்த்தார். கூட்டம் கலைந்து சென்றபோது கார்கள் மீதும் பஸ்கள் மீதும் கல்மாரி பொழிந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

1950-ல் சர்க்கார் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. வெளிநாடு சென்று பாட வழியில்லை. உள்நாட்டில் பெரிய மண்டபங்களெல்லாம் கதவை அடைத்தன. டெலிவிஷன் நிலையம் ஒன்று அவர் தோன்றவிருந்த நிகழ்ச்சியை ரத்து செய்தது. வருஷத்திற்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியவருக்குச் சில ஆயிரம் டாலரே வருமானமாயிற்று. 1950-ல் வெளியான கால்பந்து நூல் ஒன்றில், 1918-ம் வருஷத்து அகில அமெரிக்க அணியில் பதினொருவருக்குப் பதிலாகப் பத்துப் பேருடைய பெயரே காணப்பட்டது. முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன் ஓடி விளையாடிய மைதானத்திலிருந்துகூட அவருடைய பெயரைத் துடைத்தெறிந்தார்கள்! பாஸ்போர்ட் வழக்கில் சர்க்கார் தரப்பார் கோர்ட்டில் கூறிய காரணங்களுள் ஒன்று, அவர் ஆப்பிரிக்க மக்களின் சுதந்திரத்துக்காகப் பல வருஷங்களாக மும்முரமாக உழைத்துவந்தார் என்பது. குற்றச்சாட்டே நற்சான்றாக அமைவது இதுபோன்ற வழக்குகளில்தான்.

கதவுகள் அடைபட்டன, ஆனால் குரல் அடங்கவில்லை. 1952 ஜனவரியில் கனடா தேசத்துச் சுரங்கத் தொழிலாளர் மகாநாட்டுக்குச் செல்ல முயன்றபோது எல்லையில் அவரைத் தடுத்தார்கள். டெலிபோன் வழியாக வான்கூவர் நகரில் கூடியிருந்தவர்களுக்குப் பாடினார். அவ்வருஷம் மே மாதம் 18-ந் தேதி, இரு தேசங்களின் எல்லையிலுள்ள சமாதான வளைவினருகே ஒரு லாரியின் மேல் நின்று பாடினார். இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டனர். நாடக சாலைகள் மறுத்த இடத்தைக் கறுப்பின மக்களின் மாதா கோயில்கள் அவருக்கு அளித்தன. கம்பெனிகள் இசைத்தட்டு வெளியிட மறுத்தபோது சொந்தத்திலேயே ஸ்தாபனம் அமைத்து வெளியிட்டார். 1957 அக்டோபரில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் செல்லும் கம்பி வழியாக, போர்த்கால் நகரில் கூடிய வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் விழாவிற்குப் பாடினார். அவர்களும் கூட்டமாகச் சேர்ந்து அவருக்கு மறுபாட்டுப் பாடினார்கள். 1929-ல் லண்டன் வீதியில் தொடங்கிய கடனை இருசாராரும் இவ்வாறு தீர்த்துக் கொண்டனர்.

1958 ஏப்ரல் 9-ந் தேதி அவருக்கு அறுபது வயது நிறைந்தது. இந்தியாவில் அதைக் கொண்டாட ஒரு கமிட்டி அமைந்தது. பம்பாய் ஹைக்கோர்ட்டுப் பிரதம நீதிபதி ஸ்ரீ எம். சி. சாக்ளா அதற்குத் தலைமை வகித்தார். பிரதம மந்திரி நேரு விழாவை ஆதரித்து அறிக்கை விடுத்தார். அமெரிக்க அதிகாரிகள் விழாவை நிறுத்த முயன்றும் பலிக்கவில்லை. பெரிய வல்லரசொன்று வாய்ப்பூட்டுப் போட்டிருந்த மனிதருக்கு, விடுதலை பெற்றுப் பதினோரு வருஷமே ஆன தேசம் பகிரங்கமாக மாலை சூட்டியது. நமது சுதந்திரம் பிறருக்கும் பயன்பட்ட சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அவ்வருஷம் ஜூன் மாதத்தில், மற்றொருவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின் பயனாக, ராப்ஸனுக்கு மீண்டும் பாஸ்போர்ட் கிடைத்தது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் நாம் மறைக்கலாகாது. 1934 முதல் ஸோவியத் நாட்டின் மீது அவர் அளவற்ற பற்று வைத்திருந்தார். நிறவெறி இல்லாத பூமியென்று தமக்குத் தோன்றிய நாட்டின் குறைகளைப் பார்க்க அவர் மனம் இசையவில்லை. 1949 ஜூன் மாதம் மாஸ்கோவில் பாடியபோது, கொலையுண்ட யூத நடிகர் மிகோயெல்ஸையும், சிறைப்பட்டிருந்த யூதக் கவிஞர் ஃபெஃபரையும் தம் நண்பர்களென்று மேடையில் பெயர் சொல்லி, வார்ஸா யூதர்களின் எதிர்ப்புப் பாட்டை யூதர்களின் யிட்டிஷ் பாஷையிலேயே பாடினார். அந்த மேடையில் அது பெரிய துணிவு. ஆனால் தாய்நாடு திரும்பியபின், அங்கே யூதருக்குக் கொடுமை ஏதுமில்லையென்றே கூறிவந்தார். 1952 ஆகஸ்டில் ஃபெஃபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வருஷக் கடைசியில் ராப்ஸனுக்கு ஸ்டாலின் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் அதை ஏற்றார். சொந்த தேசத்தின் எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்கலாகாதென்ற எண்ணமே அந்த மௌனத்துக்குக் காரணமாகலாம். ஆயினும் அது பிழையே. ஓர் இயக்கத்தை நேசிப்பவன், அதன் பெயரால் நடக்கும் அநீதியைக் கண்டும் வாய் மூடினால், கடைசியில் அந்த இயக்கத்துக்கே தீங்கு செய்தவனாகிறான். கட்சிப் பணி புரியும் ஒவ்வொருவரும் இதை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். பாட்டை மாத்திரம் நினைப்பவர்களுக்கு இப்பாடம் கிடைக்காது. முழு வாழ்வையும் படிப்பவர்களுக்கே கிடைக்கும்.

1960 நவம்பரில் ஆஸ்திரேலியா சென்றார். ஸிட்னி நகரில் அப்பொழுது கட்டிக்கொண்டிருந்த இசை மண்டபத்தின் சாரங்களுக்கிடையே நின்று, கட்டட வேலையாட்களுக்குப் பாடினார். பின்னாளில் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து அமர்ந்த அந்த மண்டபத்தில், முதல் கச்சேரி கேட்டவர்கள் கல்லும் மண்ணும் சுமந்தவர்களே. அதுவே அவருடைய கடைசிப் பெருஞ்சுற்றுப்பிரயாணம். 1961-ல் மனமும் உடலும் தளர்ந்து நோய்வாய்ப்பட்டார். 1963 டிஸம்பரில் தாய்நாடு திரும்பினார். 1965-ல் மனைவி எஸ்லாண்டா காலமானாள். பிலடெல்பியா நகரில் தமக்கையின் இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்து, 1976 ஜனவரி 23-ந் தேதி, எழுபத்தேழாம் வயதில் மரணமடைந்தார்.

அவர் மறைந்த பின் மரியாதைகள் வந்தன. 1995-ல் கல்லூரிக் கால்பந்து வீரர்களின் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. 2004-ல் அமெரிக்க சர்க்கார் அவருடைய உருவத்தைத் தபால் தலையில் வெளியிட்டது. எட்டு வருஷம் பாஸ்போர்ட் மறுத்த சர்க்கார், அவருடைய முகத்தைக் கடிதங்களின் மேல் ஒட்டி உலகெங்கும் அனுப்பியது! இறந்தவரைக் கௌரவிப்பதில் எந்த சர்க்காருக்கும் அபாயமில்லை. அவர் எதற்காகத் துன்புற்றாரோ அதை ஜனங்கள் அறியாதிருக்கும்வரை, தபால் தலையும் நதிப் பாட்டும் யாரையும் உறுத்தமாட்டா.

அந்த நதிப் பாட்டைக்கூட எவ்வாறு கேட்கவேண்டுமென்பதை நமது நாட்டுப் பாடகர் ஒருவர் காட்டியிருக்கிறார். அஸ்ஸாமைச் சேர்ந்த பூபேன் ஹஸாரிகா நியூயார்க்கில் படித்த நாட்களில் ராப்ஸனோடு பழகியவர். தாயகம் திரும்பியபின், அதே நதிப் பாட்டின் தூண்டுதலால், கரையிலுள்ள ஜனங்களின் துயரத்தைக் கண்டும் சும்மா ஓடுவதேன் என்று நதியையே வினவும் பாட்டை இயற்றினார். ராப்ஸன் சொற்களை மாற்றியதன் உட்பொருளை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஒரு மனிதரின் இரண்டொரு பாட்டுக்களை ரஸிப்பது குற்றமாகாது. ஆனால் அவருடைய குரலை அடைக்க முயன்றவர்கள், தங்களைத் துன்புறுத்தாத பாட்டுக்களை மாத்திரமே மிச்சம் வைத்தார்கள் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அவர்கள் விட்டுவைத்ததோடு நாமும் திருப்தியடைந்தால், அவர்கள் தொடங்கிய காரியத்தை நாமே முடித்து வைத்தவர்களாவோம். ராப்ஸனின் முழு வாழ்வையும், அதன் பெருமையோடும் பிழையோடும், கற்றறிதல் நமது கடமை.